ஈரம் காயும் மட்டும்

— வாசல்ல இருந்து மெழுகத் தொடங்கின மகாராணி ஆர்?

— நீதானே சொன்னனீ கௌசலா, "நான் சரஸ்வதி படத்துப் பக்கம் மெழுகிறன், நீ மற்றப் பக்கத்தைப் பார்" எண்டு. மற்றப் பக்கத்தைப் பாத்தனான்.

— பார் எண்டா இப்பிடியோ பாக்கிறது? திரும்படி எமில்டா, பின்னால திரும்பிப் பார். வாசல் வரைக்கும் பச்சைச் சாணி. நான் சுவரைப் பாத்துக்கொண்டு குனிஞ்சு நிண்டன், நீ வாசல்ல தொடங்கி மெழுகி மெழுகி என்ர முதுகில வந்து முட்டுறாய். இப்ப ரெண்டு பேரும் மூலைக்குள்ள. எப்பிடி வெளியில போறது?

— நடந்து.

— நடந்து போனா ஈரத்தில கால் அடையாளம் விழும். விழுந்தா முழுசையும் திரும்ப மெழுகோணும், விளங்குதோ? வாளியில ஒரு கை சாணிதான் மிச்சம். இன்னொரு வாளிக்கு நீயோ போய் மாட்டைக் கேக்கிறாய்?

— உங்கட வீட்டு மாடுகள்தானே. உன்னை மாதிரித்தான் இருக்கும். கேட்டாலும் தராதுகள்.

— வாய். வாய் மட்டும் நல்லா வேலை செய்யுது. மெழுகிறதெண்டா உள்மூலையில தொடங்கி, பின்னுக்குப் பின்னுக்கு நகந்து வாசலால வெளியேறோணும். இதுகூடத் தெரியாதோ?

— எனக்கெப்பிடித் தெரியும்? எங்கட முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரை மணல். கூட்டி விட்டாச் சரி. சாணி எண்டது மாட்டுக்குப் பின்னால விழுற சாமான் எண்டுதான் நான் நினைச்சிருந்தனான். அதை அள்ளிக்கொண்டந்து வீட்டுக்குள்ள பூசுவினம் எண்டு இஞ்ச வந்துதான் கண்டன்.

— சிவசிவா. படத்துக்கு முன்னால நிண்டு கதைக்கிற கதையோ இது?

— காலமை பூசையில சரஸ்வதி கண்டதை விட இது பெரிசில்லை.

— அதை ஞாபகப்படுத்தாதை! நவராத்திரி ஒன்பதாம் நாள். பள்ளிக்கூடம் முழுக்கக் கூடி நிக்குது. ஐயர் மந்திரம் சொல்லி, தீபம் காட்டி, இனிப் பிரசாதம் குடுப்பம் எண்டு உன்ர பேணியைத் திறந்தார். மேல புட்டு. நல்ல சர்க்கரைப் புட்டாக்கும் எண்டு கையை விட்டார் மனுசன். வந்தது என்ன?

— விரால் வால்.

— பொரிச்ச விரால் வால்! அதைக் கையில பிடிச்சபடி ஐயர் நிண்ட நிலை இருக்கே. கீழ வைக்கவும் ஏலாது, எறியவும் ஏலாது.

— பாவம். ஒரு நிமிசம் சாப்பிடப் போறாராக்கும் எண்டு நினைச்சன்.

— எடியே!

— அப்பிடித்தான் பாத்தார்.

— மிளகு தட்டிப் போட்டு, உப்பையும் அள்ளிப் போட்டு, முறுகப் பொரிச்சுக் கொண்டந்து பூசை மேசையில வைக்கிற சாமானோ அது? இப்ப அதால தீட்டுக் கழிக்க மண்டபம் முழுக்க நாங்கள் மெழுகுறம். நாளைக்கு விஜயதசமி. சின்னப் பிள்ளையளுக்கு ஏடு தொடக்க இந்த இடம் துப்புரவா இருக்கோணுமாம்.

— நான்தான் எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொல்லிட்டனே. என்ர பேணிதான், மாறுப்பட்டுப் போச்சு, மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு. ரெண்டும் நிவாரணத்தில வந்த ஒரே மாதிரிப் பால்மாப் பேணி. ஒண்டில பூசைக்கு அவிச்ச பயறு. மற்றதில என்ர மத்தியானச் சாப்பாடு.

— சாப்பாடெண்டாலும் மீனோ? வெள்ளிக்கிழமை! ஊர் உலகத்தில ஆர் வெள்ளிக்கிழமையில மச்சம் சமைக்கிறது?

— நாங்கள். வெள்ளிக்கிழமை எங்களுக்குச் சுத்தபோசனம். யேசு மரிச்ச நாள். இறைச்சி கையாலயும் தொடமாட்டம். அதாலதான் மீன்.

— மீன் சுத்தபோசனமோ? ஏன், உங்கட ஊரில மீன் முருங்கையில காய்க்கிறதோ?

— கடல்ல காய்க்கிறது. ஆழத்தில. உங்கட ஆக்களுக்குப் பறிக்கத் தெரியாது.

— இப்ப எங்கட அக்கராயன் குளத்தில பறிக்கிறியளாமே.

— அதைக் கதைக்காதை.

— ஏன், மீன் மீன்தானே?

— அதைப் போய் என்ர அப்பாவிட்டைச் சொல்லு. மரியநாயகம் எண்டு கேட்டா ஆரும் காட்டுவினம். இருவது வருசம் கடலுக்குப் போன மனுசன். இப்ப லொறி ரியூப்பில குந்தி மிதந்துகொண்டு உங்கட குளத்தில விரால் பிடிக்கிறார். கரையால ஆரும் போனா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிறார், களவெடுக்க வந்த ஆள் மாதிரி. எனக்கு அதைப் பாக்கேலாது.

— நான் ஒரு பகிடிக்குச் சொன்னனான்.

— நானும் பகிடிக்குத்தான் அழப்பாத்தன். விடு. இது எப்ப காயும்?

— வெயில் இருக்கு. ஒரு மணித்தியாலம். ஆனா அதுக்குள்ள குண்டு போடக் கிபிர் பிளேன் வந்தா என்ன செய்யிறது? பங்கர் வெளியில எல்லோ இருக்கு.

— மெழுகின நிலத்தில கால் படாமல் பறந்துதான் போகோணும்.

— கமலாசனி ரீச்சர் கண்டா கிபிரையும் செருப்பைக் கழட்டிப்போட்டு வா எண்டுவா.

— பாரன், உனக்கும் பகிடி வருது.

— ஏன் வராது? இந்தப் பள்ளிக்கூடத்தில ரெண்டு மாசமா நீ இருக்கிறாய், இண்டைக்குத்தான் உன்ர குரலையே ஒழுங்காக் கேக்கிறன். ஊமையாக்கும் எண்டு யதுசா ஆக்கள் சொன்னவை.

— கதைக்க ஆள் வேணுமே. முதல் நாள் நான் உரப்பையைக் கொண்டந்து விரிச்சுக் குந்தினன். ஆண்டு எட்டுப் பெட்டையள் எல்லாரும் தங்கட தங்கட உரப்பையை இழுத்துக்கொண்டு ஒரு சாண் தள்ளி இருந்தினம். அடுத்த கிழமை இன்னொரு சாண். இப்பிடியே போனாத் தைப்பொங்கலுக்கு எல்லாரும் குளத்துக்குள்ளதான் இருந்து படிக்கோணும்.

— நான் தள்ளி இருக்கேல்லை.

— நீ மொனிற்றர். உனக்கு முன்னுக்கு இடம். தள்ளத் தேவையில்லை.

— மீன் மணக்குது எண்டு சொன்னதும் நான் இல்லை, விளங்குதோ?

— மூக்கைப் பொத்தினனீ.

— அது தடிமன்.

— ரெண்டு மாசமாத் தடிமன். ஐயோ பாவம். ஆஸ்பத்திரிக்குக் காட்டினனியோ?

— இடம்பெயர்ந்து வந்ததுக்கு வாயைப் பார்.

— நீங்கள் மட்டும் இந்தக் குளத்தோடயே முளைச்சனீங்களோ? சமூகக்கல்விப் பாடத்தில எழும்பி நிண்டு வாசிச்சது ஆர்? "எனது பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கினார்" எண்டு. ரீச்சர் கைதட்டச் சொன்னவா. நானும் தட்டினனான்.

— அவர் இடம்பெயர்ந்து வரேல்லை. குடியேற்றத்தில வந்தவர். காணி தாறம் வாங்கோ எண்டு கூப்பிட்டவை.

— ஓமோம். அவருக்குக் கடிதம் வந்தது, எங்களுக்குச் செல்லடி வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

— அதுக்கு நான் என்ன சொல்லுறது?

— ஒண்டும் சொல்லாதை. அதுவே பெரிய உதவி.

— சரி, நீயாவது ஆரோடயும் வந்து கதைச்சனியோ? சும்மா மூலையில குந்திக்கொண்டு எல்லாரும் வந்து பாத்துவிட்டுப் போகோணும் எண்டு இருக்கிறது. பெரிய ஆள்.

— கதைக்கேல்லையோ? முதல் கிழமை ஆளுக்கொரு சிப்பி கொண்டந்து குடுத்தன். எங்கட கடற்கரையில பொறுக்கினது. வெளிக்கிடேக்க நான் தூக்கிக்கொண்டு வந்த சாமான் அது ஒண்டுதான்.

— அந்தச் சிப்பியோ? அதுக்குள்ள பேய் இருக்கும் எண்டு யதுசா சொல்லி எல்லாரும் வேலிக்கு மேலால எறிஞ்சவை.

— யதுசாவைப் பிடிச்சா அந்தப் பேய்க்குத்தான் பாவம்.

— ஹி. அது உண்மை. அதை மட்டும் நான் சொன்னதா ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை.

— ரெண்டாங் கிழமை யதுசா வந்து கணக்குக் கொப்பி கேட்டாள். சந்தோசமாக் குடுத்தன். பாத்து எழுதிப்போட்டு என்ர உரப்பையில எறிஞ்சுபோட்டுப் போனாள். ஒரு நன்றி இல்லை.

— ஓம், அண்டைக்கு அவள் பத்துக் கணக்கும் பிழை எண்டு ரீச்சரிட்டை நல்லா வாங்கினாள். உனக்குப் பத்தும் சரி. அது எப்பிடி?

— நான் ரெண்டு கொப்பி வைச்சிருந்தனான்.

— வேணுமெண்டோ பிழையானதைக் குடுத்தனீ?

— ச்சீ. நான் வேணுமெண்டு ஒண்டும் செய்யிறேல்லை. எல்லாம் தன்பாட்டில மாறுப்படும்.

— உன்னோட கவனமா இருக்கோணும். இது எத்தினையாவது பள்ளிக்கூடம் உனக்கு?

— தொண்ணூற்றாறில வெளிக்கிட்டது. இந்த ஒண்டேகால் வருசத்தில இது நாலாவது.

— எல்லாத்திலயும் இப்பிடித்தானோ?

— இல்லை. மூண்டாவதில நல்ல கூட்டு. மரத்துக்குக் கீழதான் வகுப்பு. ஒரு நாய் வந்து என்ர உரப்பையிலயே படுக்கும். மெல்ரொன்.

— நாய்க்கு மெல்ரொன் எண்டோ பேர்?

— என்ர மச்சான் ஒருத்தன்ர பேர். முகவெட்டு அப்பிடியே. நாங்கள் றைக்ரர்ல வெளிக்கிடேக்க பின்னால ஒரு கட்டை தூரம் ஓடி வந்தது.

— மச்சானோ?

— நாய். மச்சான் முன்னுக்கே ஏறி இருந்திட்டான்.

— சிரிக்க வைக்காதை. சாணிக் கையால வாயைப் பொத்தேலாது. உஷ்! கமலாசனி ரீச்சர் வாறா. நேரா நில்.

— என்ன பிள்ளையள், மூலைக்குள்ள நிண்டு தவமோ?

— இல்லை ரீச்சர். எமில்டா வாசல்ல இருந்து மெழுகிப்போட்டா. காயும் மட்டும் நிக்கிறம்.

— நல்லது, நல்லது. காலமை சரஸ்வதிக்கு மீன் படைச்சாச்சு. பின்னேரம் வாசலையும் அடைச்சாச்சு. எமில்டா, உமக்கு எதிர்காலம் இருக்குப் பிள்ளை. திங்கக்கிழமை வரேக்க அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாரும்.

— ரீச்சர், அப்பா வேண்டாம் ரீச்சர். நூறு தரம் எழுதித் தாறன். முழங்காலில நிக்கிறன்.

— என்ர கையில இல்லை. ஐயர் கோவிச்சுக்கொண்டு போயிட்டார். நாளைக்கு ஏடு தொடக்க வரமாட்டன் எண்டு நிக்கிறார். அதிபர் இப்ப சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐயர் வீட்டு வாசல்ல போய்க் கெஞ்சிக்கொண்டு நிப்பார். தேப்பனைக் கூப்பிட்டு ஒருக்காக் கதைக்கோணும் எண்டு அவர்தான் சொன்னவர்.

— அப்பாவைக் கூப்பிட்டா என்னைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப்போடுவார் ரீச்சர்.

— அதை அவர் வரக் கதைப்பம். கௌசலா, நீர் மொனிற்றர். பேணியளைச் சேத்து மேசையில அடுக்கினது நீர். ஒருக்காத் திறந்து பாத்திருக்கலாமே?

— ஓம் ரீச்சர். பாத்திருக்கலாம் ரீச்சர்.

— கண்ணாலயும் பாக்கேல்லை, மூக்காலயும் பிடிக்கேல்லை. பிறகென்ன மொனிற்றர்? அதுக்குத்தான் உமக்கும் இந்தச் சாணி. நில்லுங்கோ, நல்லாக் காயட்டும். நான் ஒப்பீசைப் பூட்டிப்போட்டு வாறன்.

— போயிட்டாவோ?

— போயிட்டா.

— உண்மையாவே நிப்பாட்டுவாரோ எமில்டா? இல்லாட்டி ரீச்சருக்குச் சும்மா கதை விட்டனியோ?

— போன பள்ளிக்கூடத்திலயும் ஒருக்கா அப்பாவைக் கூப்பிட்டவை. ஒருத்திக்கு அடிச்சுப்போட்டன். அவரிட்டை ஒரு நல்ல சேட்டுத்தான். அதைப் போட்டுக்கொண்டு வந்து அதிபற்றை கதிரைக்கு முன்னால கைகட்டி நிண்டார். வீட்டை போய்ச் சொன்னார், "வெளிக்கிட்ட நாளில இருந்து நான் கைகட்டி நிக்காத கதிரை இல்லை. நிவாரணத்துக்கு நிண்டன், கொட்டில் போட ஒரு துண்டு நிலத்துக்கு நிண்டன், பயணப் பாசுக்கு நிண்டன். உனக்காகவும் என்னால நிக்கேலாது. இன்னொருக்காக் கூப்பிட்டா அண்டையோட படிப்புக் காணும், மடுப்பக்கம் இருக்கிற சித்தியின்ர பிள்ளையளைப் பாக்கப் போ" எண்டு. பேசேல்லை, அடிக்கேல்லை. மெல்லமாச் சொன்னவர். மெல்லமாச் சொன்னாச் செய்வார்.

— வேணுமெண்டு செய்யேல்லை எண்டு சொல்லிப் பார்.

— சொல்லலாம்.

— நீயும் கொஞ்சம் பாத்துக் குடுத்திருக்கலாம்.

— ஓம். குடுத்திருக்கலாம்.

— ஏன் இப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டுறாய்? ஏதும் நக்கலாச் சொல்லன்.

— முடிஞ்சுபோச்சு. இருந்ததெல்லாம் உன்னிலயே செலவழிச்சிட்டன்.

— எனக்குப் பிடிக்கேல்லை நீ இப்பிடி நிக்கிறது.

— கௌசலா.

— என்ன?

— மீனுக்கு மிளகு போட்டது உனக்கெப்பிடித் தெரியும்?

— மணந்ததடி. ஐயர் தூக்கிப் பிடிக்க மண்டபம் முழுக்க மணந்தது.

— சரி. மிளகு மணக்கும். உப்புக் கூட எண்டதும் மணந்ததோ?

— நான் எப்ப உப்பெண்டு சொன்னனான்?

— இப்ப கொஞ்சம் முந்தி. "உப்பையும் அள்ளிப் போட்டு" எண்டு. உண்மைதான், அம்மாவுக்கு இண்டைக்குக் கை தவறிப்போச்சு. அது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும்.

— மீனெண்டா உப்புத்தானே. கடல் முழுக்க உப்பு.

— இது உங்கட குளத்து மீன்.

— வெயில் நல்லா அடிக்குது. காஞ்சிருக்கும் எண்டு நினைக்கிறன்.

— அம்மா பேணிக்குள்ள வைச்சது மூண்டு துண்டு. ஐயற்றை கையில வந்தது வால். பேணியில கிடந்தது நடுத்துண்டு. தலை எங்க? சரஸ்வதி சாப்பிட்டிட்டாவோ?

— படத்துக்கு முன்னால நிண்டுகொண்டு...

— அதுதான். படத்துக்கு முன்னால நிண்டு சொல்லு.

— ஒன்பது நாள் எமில்டா! ஒன்பது நாளும் பூசணிக்காய். காலமை பூசணி, மத்தியானம் பூசணி, பின்னேரம் காலமையான் பூசணி. விமலேஸ்வரி விரதம் பிடிச்சா எங்கட வளவில கோழிக்குஞ்சுக்கும் விரதம். அம்மாவைப் பேர் சொல்லுற அளவுக்கு வந்திட்டன், பாத்துக்கொள். நான் பேணியள் சேக்க வந்தனான். நீ தண்ணி அள்ளப் போயிட்டாய். உன்ர ரெண்டு பேணியும் உரப்பையில கிடந்தது. எது பூசைக்கு எண்டு பாக்கத்தான் திறந்தன். சத்தியமாப் பாக்கத்தான். மேல புட்டு. அடியில இருந்து அந்த மணம். ஒரு துண்டு. ஒண்டே ஒண்டு. அதுக்குள்ள ரீச்சர் "கௌசலா, முடிஞ்சுதோ?" எண்டுகொண்டு வந்திட்டா. பதறிப்போய் மூடி, கையில கிடந்த பேணியையே மேசையில வைச்சிட்டன்.

— வாயில மீனோட.

— வாயில மீனோட. மென்று முடிக்க நேரமில்லை. முள்ளையும் சேத்து விழுங்கினன். இப்பவும் தொண்டையில நிக்குது.

— அதுதான் சிவபுராணம் படிக்கேக்க உன்ர குரல் தழுதழுத்தது. எல்லாரும் பக்தி எண்டு நினைச்சவை. அதிபர் கண்ணைத் துடைச்சவர்.

— சிரியாதை! எனக்கு இண்டைக்கு முழுக்க நெஞ்சுக்குள்ள என்ன செய்தது தெரியுமோ? நீ எழும்பி "மாறுப்பட்டுப் போச்சு" எண்டு சொன்னாய். நீதான் மாத்தி வைச்சிட்டாயாக்கும் எண்டு நீயே நம்புறாய் எண்டு நினைச்சன். அப்பாடா எண்டு இருந்தது. பிறகு அப்பாடா எண்டு நினைச்சதே முள்ளு மாதிரிக் குத்திக்கொண்டு நிண்டது.

— நான் நம்பேல்லை.

— என்ன?

— குடத்தோட கிடுகுத் தட்டிக்கு அங்கால நிண்டனான். ஓட்டையால எல்லாம் தெரிஞ்சது.

— எல்லாமோ?

— முள்ளை விழுங்கிப்போட்டுக் கண்ணீர் வந்தது வரைக்கும்.

— மாதாவே எண்டு உங்கட ஆக்கள் சொல்லுறது இப்பதான் எனக்கு வாயில வருது. பிறகேன்டி நான்தான் எண்டு எழும்பினனீ?

— சொன்னா ஆர் நம்புறது? மீன் பிடிக்கிறவன்ர பெட்டை சொல்லுறதையோ, தேவாரம் படிக்கிற மொனிற்றர் சொல்லுறதையோ?

— அது சரிதான். உன்னை நம்பமாட்டினம்.

— அவ்வளவு கெதியா ஒத்துக்கொள்ளத் தேவையில்லை.

— அதுக்காக ஆரும் தன்ர தலையைக் கொண்டுபோய்க் குடுப்பினமோ?

— முழங்காலில நிக்க விடுவினம், இல்லாட்டிக் கூட்ட விடுவினம் எண்டு நினைச்சன். அப்பாவைக் கூப்பிடுவினம் எண்டு எனக்கென்ன தெரியும்? இப்ப அதுதான் பயமாக் கிடக்கு.

— நான் சொன்னா என்ர அம்மா என்னை உயிரோட விடமாட்டா. மொனிற்றர் வேலை போயிடும். யதுசாதான் அடுத்த மொனிற்றர். வகுப்பு முழுக்க என்னட்டை இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கும்.

— அதுக்குப் பயப்பிடாதை. என்னைச் சுத்தி ரெண்டு சாண் வெறும் நிலம் கிடக்கு. ஆளில்லாக் காணி. உங்கட அப்பப்பா மாதிரி வந்து குடியேறலாம்.

— ரீச்சர் சைக்கிளை எடுக்கிறா. வெளிக்கிடப் போறா.

— போகட்டும். நீ யோசிச்சுச் சொல்லு. திங்கக்கிழமை சொன்னாலும் சரி, சொல்லாட்டியும்...

— விசரி. திங்கக்கிழமை உன்ர கொப்பர் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து நிப்பார். ரீச்சர்! கமலாசனி ரீச்சர்! ஒருக்கா வாங்கோ!

— என்ன பிள்ளை கத்துறீர்? பாம்போ?

— இல்லை ரீச்சர். மீன்.

— இன்னுமோ?

— அந்தப் பேணியை மேசையில வைச்சது நான் ரீச்சர். எமில்டாவில பிழையில்லை. அவா தண்ணி அள்ளப் போன நேரம் நான் திறந்து ஒரு துண்டு சாப்பிட்டனான். நீங்கள் வர அந்தரப்பட்டு அதையே வைச்சிட்டன்.

— ஒன்பதாம் நாள்.

— ஓம் ரீச்சர்.

— பூசைக்கு முதல்.

— ஓம் ரீச்சர்.

— அந்த வாயாலதான் பிறகு சிவபுராணம் படிச்சனீர்?

— வேற வாய் இல்லை ரீச்சர்.

— எமில்டா, இது உண்மையோ?

— சின்னத் துண்டுதான் ரீச்சர். தலைப்பக்கம். முள்ளுத்தான் கூட.

— நான் அளவு கேக்கேல்லை. சரி. எமில்டா, உம்மட அப்பா வரத் தேவையில்லை. அதிபருக்குப் போற வழியில நான் சொல்லிப்போட்டுப் போறன். கௌசலா, உம்மட அப்பா தில்லைநாதன் வரட்டும், அம்மாவும் வரட்டும். மொனிற்றர் சின்னத்தைக் கழட்டிக் கையில கொண்டு வாரும். ஐயருக்கு மட்டும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லிப்போடாதையுங்கோ. அந்த மனுசன் தாங்கமாட்டார். முள்ளு இன்னும் நிக்குதோ?

— நிக்குது ரீச்சர்.

— வீட்டை போய் ஒரு உருண்டை வெறுஞ்சோறு மெல்லாமல் விழுங்கும். பூசணிக்காயைச் சேக்காமல்.

— ஓம் ரீச்சர்.

— போயிட்டா. பூசணிக்காய்க் கதை எப்பிடித் தெரியும் அவாவுக்கு?

— முதலே வந்து வெளியில நிண்டு கேட்டிருப்பா. ரீச்சர்மாருக்கு ஓட்டை தேவையில்லை. முடிஞ்சுது எமில்டா. மொனிற்றரும் முடிஞ்சுது, நானும் முடிஞ்சன். சந்தோசமோ?

— ஓம்.

— வெக்கமில்லாமல் ஓம் எண்டுறாள்.

— நன்றி கௌசலா.

— நக்கல் இல்லாமல் உனக்கு ஒரு வார்த்தை வராதோ?

— இது நக்கல் இல்லை. உண்மையாத்தான் சொன்னனான். அந்தச் சேட்டைத் தோய்க்கிறதுக்குச் சவுக்காரமும் இல்லை வீட்டில.

— எனக்கு அழுகை வரப்போகுது, நிப்பாட்டு. திங்கக்கிழமை நீ வருவாய்தானே?

— வருவன். நீ?

— எனக்கு வேற பள்ளிக்கூடம் இருக்கோ? என்ர உரப்பையை எங்க விரிக்கிறது?

— ஒரு சாண் தள்ளி.

— எடியே!

— சரி, அரைச் சாண்.

— நிலம் காஞ்சுபோச்சு. ஓரத்தால மெல்லப் போவம். நில், உந்தத் தட்டியோரம் ஒரு துண்டு மெழுகாமல் விட்டுப்போச்சு. வாளியில மிச்சம் ஒரு கை கிடக்கு. தா, நான் பூசிறன்.

— நீ விடு. எனக்குத்தான் கிட்ட.

— நீயோ? நீ பூசினா மேடும் பள்ளமுமா வண்டில் போன மாதிரி இருக்கும். எடி, கொஞ்சம் பொறு. உந்தக் கை எங்க பழகினது? ஒரு கோடும் தெரியேல்லை. என்ர அம்மாகூட இப்பிடி வளைச்சு வளைச்சு மெழுகமாட்டா.

— ஒரு வருசத்துக்கு மேல மண் கொட்டில்ல இருக்கிறம். அம்மாவுக்குக் குனியேலாது. வீட்டை மெழுகிறது ஆர் எண்டு நினைச்சனீ, அந்தோனியாரோ?

— அப்ப உள்மூலையில தொடங்கி வாசலுக்கு வரோணும் எண்டது உனக்கு முதலே தெரியும்.

— அது நாளைக்கு ஏடு தொடக்க வாற பிள்ளைக்கும் தெரியும்.

— பிறகேன்டி வாசல்ல இருந்து தொடங்கினனீ?

— இல்லாட்டி நீ என்னோட ஒரு மணித்தியாலம் நிண்டு கதைச்சிருப்பியோ?